அம்சம் சிஸ்டரின் கொண்டை ஊசி

அம்சம் சிஸ்டர் வலது கையை இறுக மூடி வைத்திருக்கிறார். கையுறை போட்ட அந்த முட்டியை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார். எதிரே கண் டாக்டர் ராஜராஜன் கையை நீட்டியபடி நிற்கிறார்.

"குடுங்க சிஸ்டர்."

"இன்னும் நாப்பது செகண்டு இருக்கு சார்."

"போன பேபிக்கும் இதையேதான் சொன்னீங்க."

"போன பேபிக்கும் ரெண்டு நிமிஷம்தான். அடுத்த பேபிக்கும் ரெண்டு நிமிஷம்தான். நீங்க எம்புட்டு நேரம் கைய நீட்டினாலும் கடிகாரம் அதுபாட்டுக்குத்தான் சார் ஓடும்."

முட்டிக்குள் இருப்பது ஒரு மெல்லிய கம்பி. குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் இமைகளை விரித்து, மூடவிடாமல் நிறுத்தி வைப்பதற்கானது. டாக்டர்கள் அதற்கு வேறு பெயர் சொல்கிறார்கள். அம்சம் அதைக் கொண்டை ஊசி என்கிறார். பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. ஏசி அறையில் சில்லிட்டுக் கிடந்த கம்பியைக் கைச்சூட்டில் வைத்திருக்கிறார் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். அதுவும் உண்டு. ஆனால் அவர் அதை மூடி வைத்திருப்பது டாக்டருக்குக் கொடுக்காமல் இருப்பதற்காக. சொட்டு விட்ட கண் மரத்துப்போக ஒரு நிமிடமாவது வேண்டும். வலி தெரியாமல் இருக்க நாக்கில் விட்ட துளி வேலை செய்ய இரண்டு நிமிடம் வேண்டும். ஊசி தட்டில் இருந்தால் இருபதாவது நொடியில் டாக்டரின் கை அதை எடுத்துவிடும். அம்சத்தின் முட்டிக்குள் இருந்தால் எடுக்க முடியாது.

டெல்டாவில் இருக்கும் ஓர் அரசு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவு இது. குழந்தைகளுக்குச் சூடு கொடுக்கும் வார்மர்களைப் பழுது பார்க்கப் போகிறவன் நான். புதன்கிழமைகளில் போனால் பாதி வேலை இந்தக் காட்சியைப் பார்ப்பதிலேயே போய்விடும்.

புதன்கிழமை கண் பார்க்கும் நாள். எட்டு மாதம் நிறையாமல், ஒரு கிலோ, ஒன்றரை கிலோ எடையில் பிறந்த குழந்தைகளுக்கு விழித்திரையின் ரத்தக் குழாய்கள் வளர்ந்து முடிந்திருக்காது. வெளியே வந்த பிறகு அவை தாறுமாறாக வளர்ந்து, விழித்திரையையே இழுத்துப் பிய்த்துவிடக்கூடும். வெளியில் இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. குழந்தை பால் குடிக்கும், தூங்கும், வெளிச்சத்துக்குத் தலையைத் திருப்பும். உள்ளே பார்வை போய்க்கொண்டிருக்கும். பிறந்து முப்பது நாளுக்குள் முதல்முறை பார்த்துவிட வேண்டும். சொல்லும் தவணைகளில் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். முற்றிவிட்டது தெரிந்தால் இரண்டு மூன்று நாளுக்குள் லேசர் வைக்க வேண்டும். தவறினால் ஆயுளுக்கும் இருட்டுதான்.

ஆகவே பார்த்தே தீர வேண்டும். அம்சத்துக்கு அதில் சண்டை கிடையாது. எப்படிப் பார்க்கிறார்கள் என்பதில்தான் சண்டை.

காலை ஒன்பது மணிக்குக் கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து போடத் தொடங்குவார்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை, மூன்று தடவை. கண்ணில் ஒரு சொட்டு போதும். மிஞ்சியதை உடனே ஒற்றி எடுத்துவிட வேண்டும். கன்னம் வழியாக வாய்க்குள் போனால் குழந்தைக்கு வயிறு உப்பும், நாடி தடுமாறும். புதிதாக வந்த நர்ஸ் ஒருத்தி அவசரத்தில் மூன்று நான்கு சொட்டாகப் பிழிந்துகொண்டே போனாள். அம்சம் பின்னாலேயே போனார்.

"ஏ புள்ள, என்ன பண்ற?"

"ட்ராப்ஸ் போடுறேன் சிஸ்டர்."

"ட்ராப்ஸா? வயல்ல புகையான் பூச்சிக்கு மருந்து அடிக்கிற மாதிரியில்ல அடிச்சிக்கிட்டு வர்ற! முதுகுல டேங்க் ஒண்ணுதான் பாக்கி."

அந்தப் பெண் அன்றிலிருந்து ஒரு சொட்டுதான் விடுகிறாள். பஞ்சும் கையுமாக.

அம்சத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. ஊர் ஒரத்தநாட்டுப் பக்கம். அப்பா மருதையன் மிராசுதார் வயலில் கூலிக்கு நின்றவர், அம்மா நடவு நடப் போனவர். அம்சமும் பத்தாவது லீவு வரை நாற்று பறித்திருக்கிறார். குள்ளம். நடை வேகம். சேலையாக இருந்தாலும் யூனிஃபார்மாக இருந்தாலும் தோளில் இரண்டு ஊக்கு கூடுதலாகக் குத்தியிருப்பார். எப்போது எது பிய்ந்து தொங்கும் என்று சொல்ல முடியாதாம். டீயைச் சூடாகக் குடித்து நான் பார்த்ததில்லை. தம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டுப் போவார், ஏடு படிந்த பிறகு வந்து ஒரே மடக்கில் குடிப்பார். குழந்தைகளைச் சுற்றுவதற்கு வீட்டில் இருந்து பழைய வேட்டியைச் சதுரமாகக் கிழித்துக் கொண்டுவந்து, ஆவியில் வேகவைத்து வாங்கி வைத்திருக்கிறார். மருத்துவமனை கொடுக்கும் பச்சைத் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுல நெல்லு காயப்போடலாம்" என்றார்.

சுவர்க் கடிகாரமும் அவர் கொண்டுவந்ததுதான். அறையில் இருந்தது நின்று ஒரு வருடம் ஆகியிருந்தது. பிரிவுக்குள் கையில் வாட்ச் கட்டக் கூடாது. நொடி எண்ண வழியில்லை. வீட்டில் இருந்த கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு வந்து மாட்டினார். உரக்கடைக்காரர் தீபாவளிக்குக் கொடுத்தது. முகப்பில் கடைப் பெயரும் நெற்கதிரும் இருந்தன. அரசுக் கட்டடத்தில் விளம்பரம் இருக்கலாமா என்று யாரோ கேட்டார்கள். கடைப் பெயர்மேல் பிளாஸ்திரி ஒட்டினார். நெற்கதிர் மட்டும் தெரிகிறது. நொடி முள் துடித்துத் துடித்து ஓடுகிறது.

பொறுமை கெட்டுப் போகிற இடங்கள் அவருக்குச் சில உண்டு. முதலாவது ஒரு வாக்கியம்: "அழுவுறது நல்லதுதான், லங்ஸ் விரியும்." இந்த அறையில் எல்லோரும் சொல்வார்கள். டாக்டர்கள், நர்ஸுகள், வெளியே காவலுக்கு இருக்கும் மூஸா பாய்கூட. அம்சத்தின் காதில் விழுந்தால் போயிற்று.

"அப்ப உங்களுக்கும் லங்ஸ் விரியட்டும். வாங்க, கண்ண விரிச்சி ஊசிய மாட்டி, உள்ள ஒரு கம்பிய விட்டு முழிய உருட்டுவோம். மரத்துப்போற சொட்டு கிடையாது. வர்றீங்களா பாய்?"

"நான் சும்மா சொன்னேம்மா."

"சும்மாதான் எல்லாரும் சொல்றீங்க."

அவர் சொல்வதில் மிகை எதுவும் இல்லை. நான் பார்த்திருக்கிறேன். கண்ணின் ஓரத்தைப் பார்க்க வேண்டும் என்றால் விழியை ஒரு வளைந்த கம்பியால் அழுத்தித் திருப்ப வேண்டும். டாக்டரின் நெற்றியில் விளக்கு எரியும். உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும் முகத்தில் அந்த வெளிச்சம் முழுதாக விழும். விழியை அழுத்தினால் இதயம் மெதுவாகிவிடும். நூற்றைம்பதில் ஓடும் நாடி எண்பதுக்கு இறங்குவதை மானிட்டரில் பார்த்திருக்கிறேன். மூச்சு நிற்கும். உதடு நாவல்பழ நிறத்துக்கு வரும். குழந்தையைத் தட்டி, பாதத்தைச் சுண்டி, ஆக்சிஜன் வைத்து மீட்பார்கள். பிறகு கேஸ் ஷீட்டில் 'டாலரேட்டட் வெல்' என்று எழுதுவார்கள். நன்றாகத் தாங்கிக்கொண்டது.

அது இரண்டாவது இடம். பதினான்கு குழந்தைகள் வருகிற நாளில், நேரம் மிச்சமாகட்டும் என்று காலையிலேயே பதினான்கு ஷீட்டிலும் அந்த இரண்டு சொற்களை எழுதி வைத்துவிடுகிறார்கள். குழந்தையை இன்னும் தொடவே இல்லை, தாங்கிக்கொண்டாகிவிட்டது. ஒருநாள் அம்சம் அதை அடித்துவிட்டு, கீழே நீல மையில் தமிழில் எழுதினார்: 'அழுதது. பதினேழு நொடி மூச்சு நின்றது.' விளக்கம் கேட்டு மெமோ வந்தது. மெமோவுக்கு அவர் எழுதிய பதிலும் ஒரே வரி: 'கடிகாரம் பார்த்து எழுதினேன்.' இன்றுவரை அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

இவ்வளவு கோபம் ஏன் என்று அவரைக் கேட்கிறவர்கள், வீட்டில் ஏதோ நடந்திருக்கும் என்ற நினைப்பில்தான் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எம் புள்ளைக்கு ஒண்ணும் இல்ல. பத்து மாசம் நெறஞ்சி, மூணே கால் கிலோ. இப்ப கப்பல் மாதிரி இருக்கான். வலிக்கும்னு தெரிஞ்சிக்க நமக்கே வந்து நடக்கணுமா?"

கொஞ்சம் கழித்து அவராகவே சொன்னார். "நாத்து பறிக்கிறவகூட வேரு அறாம, சேத்த அலசித்தான் கத்தையா முடி கட்டுவா. எங்கம்மா கையெழுத்துப் போடத் தெரியாதவ. இவங்க பத்து வருஷம் படிச்சிட்டு வந்து புடுங்குறாங்க."

அம்மாக்களிடமும் அவருக்குத் தயவு கிடையாது. வீட்டுக்கு அனுப்பிய குழந்தைகளைத் தவணைக்குத் திரும்பக் கொண்டுவரும்போது, கண் பார்க்கப் போகிறார்களே என்று நன்றாக மை தீட்டி, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டும் வைத்துக் கொண்டுவருவார்கள். "கண்ணு பாக்க வரச் சொன்னா பொண்ணு பாக்க வந்த மாதிரி கொண்டாந்திருக்க? பூவும் வச்சிருக்கலாம்ல!" என்று கத்திக்கொண்டே ஈரப் பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுப்பார். வாய்தான் கத்தும். பஞ்சு பிடித்த விரல்கள் அவசரப்படாது.

நாக்கில் விடும் துளி விஷயத்துக்கு வருகிறேன். எல்லாம் அதில்தான் வந்து நின்றது.

எங்கோ ஒரு பயிற்சி வகுப்பில் அம்சம் கற்றுக்கொண்டு வந்தது அது. ஊசி வைப்பதற்கு இரண்டு நிமிடம் முன்னால் நாக்கில் இரண்டு சொட்டு இனிப்பு விட்டால் குழந்தைக்கு வலி குறையும். குளுக்கோஸ் மருந்துக் குப்பியில் இருந்து சிரிஞ்சில் எடுத்து விட்டார். அழுகை பாதியாகக் குறைந்தது. மூச்சு நிற்பது அரிதானது. எட்டு மாதம் எந்தத் தொந்தரவும் இல்லாமல் நடந்தது.

அதே பிரிவின் வாசலில் ஆள் உயரப் போர்டு இருக்கிறது: 'குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும். தேன், சர்க்கரைத் தண்ணீர், சேனை வைக்கக் கூடாது.' டெல்டாவில் பிறந்த குழந்தைக்கு உறவில் ஒருவர் நாக்கில் இனிப்புத் தொட்டு வைப்பதுதான் சேனை. யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் குழந்தைக்கு வரும் என்பார்கள். அதற்காக ஆள் பார்த்து வைப்பார்கள். கிருமி உள்ளே போய்விடும் என்று மருத்துவமனை அதைத் தடுத்து வருகிறது. தடுப்பதில் அம்சத்தின் குரல்தான் எப்போதும் பெரியது.

ஏதோ ஒரு தாய் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள்: "உள்ள நர்ஸம்மாவே சேனை வைக்கிறாங்க." மறுவாரம் துரைராசு என்பவர் ஒரு தேன் பாட்டிலும் தங்க மோதிரமுமாக வந்து நின்றார்.

"நான் தாய்மாமன். நான் வைக்கக் கூடாது, நீங்க வைக்கலாமா?"

"அது சேனை இல்லங்க. வலி தெரியாம இருக்கறதுக்கு மருந்து."

"இனிப்பா இருக்கா இல்லியா?"

"இனிப்புத்தான்."

"நாக்குல வைக்கிறீங்களா இல்லியா?"

"நாக்குலதான் வைக்கணும், பின்ன காதுலயா வைப்பாங்க?"

"அப்ப அது சேனைதாம்மா. சொல்லுங்க, என் தங்கச்சி புள்ள உங்க குணத்துல வளந்தா நாளைக்கு யாரு கட்டி மேய்க்கிறது?"

வராண்டாவில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அம்சம் சிரிக்கவில்லை. "வளரட்டும். அப்பத்தான் இந்த ஜில்லாவுல கேள்வி கேக்க நாலு பேரு இருப்பாங்க" என்று சொல்லிவிட்டு, தேன் பாட்டிலை வாங்கி மூஸா பாயின் மேசைமேல் வைத்தார்.

சிரிப்போடு போயிருந்தால் நல்லது. விஷயம் ஆய்வுக்கு வந்த குழுவின் காதுக்குப் போய்விட்டது. போர்டில் கூடாது என்று எழுதிவிட்டு உள்ளே நீங்களே கொடுக்கிறீர்களா என்று கேட்டார்கள். பிரிவின் தலைவர் டாக்டர் அறிவுச்செல்வன் நல்லவர்தான். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கிறது. மருந்து வேறு, சேனை வேறு என்று எடுத்துச் சொல்ல அவருக்கு ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். அந்த ஐந்து நிமிடத்தை அவர் செலவழிக்கவில்லை. 'தாய்ப்பால் தவிர எதுவும் வாயில் வைக்கக் கூடாது' என்று கையெழுத்துப் போட்டு ஒட்டச் சொன்னார். குளுக்கோஸ் குப்பிகள் தட்டில் இருந்து போயின. அதோடு இரண்டு நிமிடக் காத்திருப்பும் எதற்கு என்றாகிவிட்டது. ஊசியைத் தட்டிலேயே வைக்க வேண்டும் என்று அம்சத்துக்கு வாய்மொழி உத்தரவு.

அந்தப் புதன்கிழமைதான் ரிஃப்காவுக்கு முதல் பரிசோதனை.

ஏழாம் மாதக் கடைசியில் பிறந்தவள். பிறக்கும்போது ஆயிரத்து இருநூறு கிராம். அம்மா சாஜிதா முத்துப்பேட்டைக்காரி, இருபத்திமூன்று வயது. அப்பா ஜாபிர் துபாயில் கடை ஒன்றில் இருக்கிறார். வீடியோ காலில் பெயர் சொன்னார். கையில் கட்டிய பட்டையில் 'சாஜிதா பேபி' என்றுதான் இருக்கும். எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அம்சம் மட்டும் ரிஃப்கா என்பார். பேர் வைத்த பிறகு எதற்கு நம்பர் மாதிரி கூப்பிடுவது என்பார்.

அன்று நாக்கில் எதுவும் விடவில்லை. சொட்டு விட்டு முழுதாக ஊறவும் இல்லை. ஊசி மாட்டினார்கள். அம்சத்தின் வேலை தலையைப் பிடித்துக்கொள்வது. இரண்டு கையாலும் பிடித்திருந்தார். விழியை அழுத்தியதும் குழந்தை ஒருமுறை வீறிட்டது. பிறகு சத்தம் இல்லை. நாடி எழுபத்தாறு. கைகால்கள் தொய்ந்தன. ஊசியைக் கழற்றி, மூச்சை மீட்க இருபத்திரண்டு நொடி ஆனது. அம்சம்தான் எண்ணினார். பரிசோதனையைப் பாதியில் நிறுத்தி, அடுத்த புதன் பார்க்கலாம் என்றார்கள். கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சாஜிதா நின்றிருந்தாள். அவளை யாரும் கவனிக்கவில்லை.

இரண்டு நாளில் எடை கூடியிருந்தது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த புதன் ஒன்பதரை வரை அவர்கள் வரவில்லை. அம்சம் போன் போட்டார். கையுறையோடு இருந்ததால் என்னை எண்ணைத் தட்டச் சொல்லி, ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னார்.

"சாஜிதா, எங்க இருக்க?"

"வீட்டுலதான் சிஸ்டர்."

"வீட்டுல என்ன வேலை? இன்னிக்குக் கண்ணு பாக்கணும்னு சீட்டுல எழுதிக் குடுத்தேன்ல?"

"வரல சிஸ்டர். புள்ள நல்லாத்தான் இருக்கா. லைட்டப் பாத்தா திரும்புறா. கண்ணுக்கு ஒண்ணும் இல்லன்னு உம்மா சொல்றாங்க."

"உம்மாகிட்ட லென்ஸ் இருக்கா?"

போன் கைமாறியது. சாஜிதாவின் தாய் ஆமினாவின் குரல். "ஏம்மா, ஊதா ஊதாவா ஆயிருச்சாமே புள்ள. மறுபடி அந்த ரூமுக்குள்ள அனுப்பச் சொல்றீங்களா? அல்லா குடுத்த கண்ணு. அவன் பாத்துப்பான்."

"பாத்துக்கிட்டுத்தாம்மா இருக்கான். அதான் என்னைய விட்டுப் போன் பண்ணச் சொல்றான். அவகிட்ட குடுங்க."

மறுபடி சாஜிதா. இந்தத் தடவை குரல் தாழ்ந்து வந்தது.

"கண்ணாடி வழியா பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன் சிஸ்டர். நீங்கதான தலையப் புடிச்சிருந்தீங்க."

அம்சம் போனைப் பார்த்தபடி நின்றார்.

"ஆமா. நான்தான் புடிச்சிருந்தேன்."

அந்தப் பக்கம் குழந்தை முனகுவது கேட்டது.

"அன்னிக்கு நடந்தது தப்பு. அத நான் இல்லங்கல. ஆனா போன கண்ணு திரும்ப வராது தாயி. நாளைக்கு வளந்து, ஏம்மா அன்னிக்குக் கூட்டிட்டுப் போவலன்னு அவ கேட்டான்னா, நர்ஸ் சரியில்லன்னு சொல்லுவியா? இன்னிக்கு நீ வெளிய நிக்க வேணாம். உள்ள வா. புள்ள பக்கத்துல உக்காரு. நீ தலையாட்டுற வரைக்கும் யாரும் ஊசி வைக்க மாட்டாங்க."

"டாக்டர் விடுவாரா?"

"அது என் பாடு. நீ காரப் புடி."

போனை அணைத்தேன். அம்சம் யாரிடமும் அனுமதி கேட்டிருக்கவில்லை. அம்மாக்களை அந்த அறைக்குள் விடும் வழக்கமே கிடையாது. பார்த்தால் பயந்துவிடுவார்கள் என்பது காரணம். அம்சம் ஜன்னலுக்குப் போய் ஆறிய டீயைக் குடித்தார். "பயந்துட்டாங்கன்னா வர மாட்டாங்களாம். நாம பயமுறுத்திட்டு அவங்களுக்கு அறிவு இல்லன்னு எழுதுவோம். 'தவணைக்கு வரவில்லை'ன்னு. எத்தனை புள்ளைங்க கண்ணு இந்த ஒரு வரியில போயிருக்குன்னு யாராவது கணக்கு எடுத்தாங்களா?"

பதினொன்றே காலுக்குக் கார் வந்தது. குழந்தையின் கண்ணில் சுருமா மை இல்லை. சீட்டில் எழுதியிருந்ததைச் சாஜிதா படித்திருந்தாள். சொட்டு போட்டு, கண் பாப்பா விரிந்து, முறை வருவதற்குள் பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. ரிஃப்காதான் கடைசி. டாக்டர் ராஜராஜனுக்கு இரண்டு மணிக்கு வேறு ஊரில் முகாம். நிமிர்ந்தவர் சாஜிதாவைப் பார்த்தார்.

"மதர் ஏன் உள்ள?"

"தாய்ப்பால் தவிர எதுவும் வாயில வைக்கக் கூடாதுன்னு பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்டிருக்காரு சார். அதான் தாய்ப்பால் வைக்கப் போறேன்."

"பீச்சி வாங்கிக்குங்க. அவங்க வெளிய இருக்கட்டும்."

"பீச்சின பாலு இந்த ஏசியில ஆறிப்போயிடும் சார். சூடா வேணும்னா பால்காரிய வாசல்ல நிறுத்த முடியுமா?"

சாஜிதாவே லேசாகச் சிரித்துவிட்டாள். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நெற்றி விளக்கை மாட்டினார். அவரைக் கெட்டவர் என்று நான் எழுத மாட்டேன். நான்கு ஊர்களுக்கு அவர் ஒருவர்தான். ஆனால் அவருடைய அவசரம் அத்தனையும் ஒன்றரை கிலோ உடம்பின்மேல் இறங்குகிறது.

வேட்டித் துணியில் குழந்தையைச் சுற்றி, கைகள் இரண்டும் முகத்தருகே இருக்கும்படி மடக்கி வைத்தார் அம்சம். மரத்துப்போகும் சொட்டு. சாஜிதா கொடுத்த பாலில் நாலு சொட்டு நாக்கில். கை கழுவிய சாஜிதாவின் சுண்டுவிரல் குழந்தையின் முட்டிக்குள். "ரிஃப்கா, கண்ணு பாக்கப் போறோம்டி" என்று காதில் சொன்னார். பிறகு ஊசியை எடுத்துக் கையை மூடினார். டாக்டர் கையை நீட்டினார். நெற்கதிர் போட்ட கடிகாரம் இரண்டு சுற்று ஓடியது. அம்சம் சாஜிதாவைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். முட்டி திறந்தது.

ஊசி மாட்டியதும் குழந்தை அழுதது. அழாமல் இருக்குமா? நாடி நூற்று ஐம்பதில் இருந்து நூற்றுப் பத்துக்கு இறங்கி, அங்கேயே நின்று, ஏறியது. மூச்சு நிற்கவில்லை. சாஜிதா உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள், விரலை எடுக்கவில்லை. டாக்டர் வழக்கத்தைவிட அதிக நேரம் குனிந்திருந்தார். ஊசியைக் கழற்றி அம்சத்திடம் கொடுத்துவிட்டு, விளக்கை நெற்றிக்கு மேலே தள்ளினார்.

"வலது கண்ணுல முத்திருச்சும்மா. நாளைக்கே லேசர் வைக்கணும். வச்சா காப்பாத்திடலாம்." பிறகு அம்சத்திடம், தாழ்ந்த குரலில்: "நல்ல வேளை இன்னிக்கு வந்தாங்க. அடுத்த புதன் வந்திருந்தா..."

"அடுத்த புதன் எங்க சார் வருவா? இன்னிக்கே வர்றதா இல்ல. போன வாரம் நாம பண்ணின வேலைக்கு அவ ஜென்மத்துக்கும் இந்த வாசல மிதிச்சிருக்க மாட்டா." அம்சம் குரலைத் தாழ்த்தவில்லை. "ஷீட்டுல என்ன எழுதியிருக்கு தெரியுமா? காலையிலயே எழுதியாச்சு. டாலரேட்டட் வெல்."

டாக்டர் மேசையில் இருந்த ஷீட்டை இழுத்தார். அந்த இரண்டு சொற்களை அவரே அடித்தார். வேறு எதுவும் எழுதவில்லை. விளக்கைத் திரும்பக் கீழே இறக்கினார்.

இடது கண் பாக்கி இருந்தது. மறுபடி சொட்டு, மறுபடி நாக்கில் பால். குழந்தையின் விம்மல் இன்னும் அடங்கவில்லை. துணிச்சுற்றுக்குள் விட்டு விட்டுக் குலுங்கியது. அம்சம் ஊசியை உள்ளங்கையில் வைத்து மூடினார். டாக்டர் இந்தத் தடவை கையை நீட்டவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நொடி முள் இரண்டு சுற்று முடித்தது.

"ரெண்டு நிமிஷம் ஆச்சு சிஸ்டர்."

அம்சம் கடிகாரத்தின் பக்கம் திரும்பவே இல்லை. சாஜிதாவைப் பார்த்தார். சாஜிதா குழந்தையின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விம்மல் ஒன்று வந்தது. இன்னொன்று, மெல்லியதாக. பிறகு வரவில்லை. சாஜிதா நிமிர்ந்து தலையாட்டினாள்.

அம்சம் கையை விரித்தார்.